வீட்டிலிருந்தே படிக்கலாம்... மருத்துவத்தின் மனசாட்சியை!

‘டாக்டருக்குப் படிக்க முடியவில்லையே’ என்ற ஏக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால், டாக்டர் செய்வது நியாயம்தானா என்று எடைபோடக் கற்றுத் தருகிற ஒரு படிப்பு இருக்கிறது. வயது தடையில்லை. சயின்ஸ் குரூப் எடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தபாலிலும் கம்ப்யூட்டரிலும் படிக்கலாம். அதைவிட முக்கியம், படித்தவர்கள் உட்காருவதற்கென்று சட்டமே ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறது!

‘இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, அப்புறம் கடைசிப் பக்கத்துல... மூணு இடத்துல கையெழுத்துப் போடுங்க சார். சீக்கிரம், தியேட்டர் ரெடி!’

ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்தக் குரலைக் கேட்காத குடும்பங்கள் குறைவு. உள்ளே படுத்திருப்பது அம்மாவாகவோ, மனைவியாகவோ, பெற்ற பிள்ளையாகவோ இருக்கும். பேப்பரில் இருப்பதோ பொடி எழுத்து இங்கிலீஷ். ‘எல்லாரும் போடற ரொட்டீன் கையெழுத்துதாங்க’ என்று சமாதானம் வேறு. போட்டுவிடுவோம். இரண்டு சென்ட் நிலம் வாங்கினால் மூலப்பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்து வரிவரியாகப் பார்க்கச் சொல்கிற நாம்தான், உடம்பைத் திறக்க அனுமதி தருகிற பத்திரத்தை ஒரு வரிகூடப் படிக்காமல் விட்டுவிடுகிறோம்.

அந்தப் பேப்பரில் என்ன எழுதியிருக்க வேண்டும்? யார் கையெழுத்துப் போட வேண்டும்? நோயாளி நினைவோடு இருக்கும்போது சொந்தக்காரர் போடுகிற கையெழுத்து செல்லுமா? புது மருந்தை ஒருவருக்குக் கொடுத்துச் சோதிக்கலாம் என்று முடிவு செய்வது யார்?

இந்தக் கேள்விகளுக்காகவே இருக்கிற துறைதான் பயோஎதிக்ஸ். தமிழில் ‘உயிர் அறவியல்’ என்கிறார்கள்.

எங்கிருந்து வந்தது இந்தப் படிப்பு?

ஒரு ஜெர்மானியப் பாதிரியார் 1927-லேயே இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆனால், அதை உலகறியச் செய்தவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்துவந்த வான் ரென்ஸலர் பாட்டர். 1970-ல் கட்டுரையாகவும், 1971-ல் புத்தகமாகவும் இந்தச் சொல்லை அவர் முன்வைத்தார்.

சொல் புதிது. அதன் பின்னால் இருந்த கண்ணீர் பழையது.

இரண்டாம் உலகப்போரின்போது நாஜி வதைமுகாம்களில் கைதிகளை வைத்துக் கொடூரமான பரிசோதனைகள் நடந்தன. செய்தவர்கள் படித்த டாக்டர்கள்! போர் முடிந்ததும் நியூரம்பர்க் நகரில் வழக்கு நடந்தது. 23 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். 1947-ல் வந்த தீர்ப்பில் 16 பேர் குற்றவாளிகள் என்று முடிவானது. 7 பேருக்கு மரண தண்டனை. அந்தத் தீர்ப்போடு பத்து விதிகளும் பிறந்தன. அதில் முதல் விதியே, பரிசோதனைக்கு உட்படுகிறவர் தானாக விரும்பிச் சம்மதிக்க வேண்டும் என்பதுதான்.

‘அது ஹிட்லர் காலத்துக் கதை, நல்லவர்கள் ஆளும் நாட்டில் நடக்காது’ என்று நினைத்தால் அதுவும் தப்பு. அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் டஸ்கிகீ என்ற ஊர். 1932-ல் அந்நாட்டு அரசின் சுகாதாரத் துறை அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிஃபிலிஸ் என்ற மேகநோய் வந்த 399 கறுப்பின ஆண்களையும், நோய் இல்லாத 201 பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். ‘உங்களுக்கு ரத்தம் கெட்டிருக்கு’ என்று மட்டும் சொன்னார்கள். சிகிச்சை தராவிட்டால் நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்ப்பதுதான் ஆய்வு! 1940-களின் நடுவிலேயே பென்சிலின் என்ற அருமருந்து வந்துவிட்டது. அப்போதும் தரவில்லை. 1972-ல் பத்திரிகைகள் அம்பலப்படுத்திய பிறகுதான் நிறுத்தினார்கள். 40 வருடங்கள்! 1997-ல்தான் அதிபர் கிளிண்டன் அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

இதைச் செய்தவர்கள் ரவுடிகள் இல்லை. வெள்ளைக் கோட்டு போட்ட, மரியாதையான உத்தியோகஸ்தர்கள். ‘விஞ்ஞானம் வளரணும்’ என்று நம்பியவர்கள். அதனால்தான் நல்ல டாக்டரின் நல்ல மனசு மட்டும் போதாது, வெளியிலிருந்து ஒரு கண்ணும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

நான்கு தூண்கள்

இந்தப் படிப்பில் சேருகிற யாரும் முதலில் கற்றுக்கொள்வது நான்கு கொள்கைகளை. டாம் பீச்சம், ஜேம்ஸ் சில்ட்ரஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1979-ல் எழுதிய பாடநூலில் இவற்றை வகுத்துத் தந்தார்கள்.

ஒன்று, நோயாளியின் விருப்பத்துக்கு மதிப்பு. அவர் உடம்பு, அவர் முடிவு.

இரண்டு, நன்மை செய்.

மூன்று, தீங்கு செய்யாதே.

நான்கு, நியாயம். கிடைப்பதை எல்லோருக்கும் நேர்மையாகப் பங்கிடு. ஏழைகள் மீது சோதித்துவிட்டு, பணக்காரர்களுக்கு மட்டும் விற்காதே.

‘இவ்வளவுதானா? இது நம்ம பாட்டியே சொல்வாளே’ என்கிறீர்களா? நான்கும் ஒரே பக்கம் நின்றால் சுலபம்தான். ஒன்றோடு ஒன்று மோதும்போதுதான் சிக்கலே!

நம் வீடுகளில் நடக்கிற ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். அறுபது வயது அப்பாவுக்குப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வருகிறது. மகன் டாக்டரின் அறைக்குள் தனியாக வந்து, ‘அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர். கேட்டா உடைஞ்சு போயிடுவார்’ என்கிறார். டாக்டர் என்ன செய்ய வேண்டும்?

தீங்கு செய்யாதே என்ற கோணத்தில் பார்த்தால் மகன் சொல்வது சரி மாதிரி தெரியும். ஆனால், நோய் அப்பாவுக்கு. கீமோ ஊசி போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். பேங்க் கணக்கை யார் பெயருக்கு மாற்றுவது, பேத்தி கல்யாணத்தை முன்னால் தள்ளுவதா என்றெல்லாம் யோசிக்க வேண்டியவரும் அவர்தான். மறைத்துவிட்டால் அந்த வாய்ப்பை யார் அவருக்குத் திருப்பித் தருவார்கள்? இன்னொன்று... வீட்டில் எல்லோரும் கிசுகிசுப்பதையும், திடீரென்று மரியாதை கூடுவதையும் பார்த்து அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் தெரியாத மாதிரி, தனியாக, பேச ஆளில்லாமல் கிடப்பார்.

பயோஎதிக்ஸ் இங்கே ‘பட்டென்று சொல்லிவிடு’ என்று கற்றுத் தருவதில்லை. முதலில் அப்பாவிடமே கேள் என்கிறது. ‘ரிப்போர்ட் விவரத்தை உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்லை பையன்கிட்ட பேசிக்கட்டுமா?’ என்று கேட்கலாம். ‘பையன்கிட்டயே சொல்லிடுங்க’ என்று அவர் சொன்னால், அதுவும் அவருடைய முடிவு, மதிக்கலாம். ஆனால், அவரைக் கேட்காமலே அவருக்காக முடிவு எடுப்பது வேறு. இந்த நுணுக்கத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் படிப்பு.

நம் நாட்டில் நடந்தவை

பாடப் புத்தகங்களில் அமெரிக்கக் கதைகள் மட்டும்தான் இருக்குமோ என்று நினைக்க வேண்டாம். நம் நீதிமன்றங்களும் நிறையப் பாடம் தந்திருக்கின்றன.

டெல்லியில், 44 வயதான, திருமணமாகாத ஒரு பெண்மணி நிற்காத உதிரப்போக்குக்காக டாக்டரிடம் போனார். உள்ளே கருவி விட்டுப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பதற்கு அவர் சம்மதம் தந்தார். மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய தாயாரிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008-ல் தீர்ப்பு வந்தது. ‘பரிசோதனைக்குத் தந்த சம்மதம் ஆபரேஷனுக்குத் தந்த சம்மதம் ஆகாது. உயிருக்கு ஆபத்து என்ற அவசரம் இல்லாதபோது, தற்காலிக மயக்கத்தில் இருப்பவருக்குப் பதிலாக வேறொருவர் சம்மதம் தர முடியாது’ என்பது தீர்ப்பின் சாரம். டாக்டர் தன் பீஸை விட்டுக்கொடுக்க வேண்டும், 25 ஆயிரம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்றார்கள். தொகை சிறியது. ஆனால், அந்தத் தீர்ப்பு மருத்துவ அறவியல் பேசுகிற எல்லோருக்கும் முக்கியமான பாடம்.

அடுத்தது, மும்பை கே.ஈ.எம். ஆஸ்பத்திரி நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கு. 1973-ல் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்து, 2015-ல் இறக்கும்வரை 42 ஆண்டுகள் படுக்கையிலேயே இருந்தார். அவர் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2011-ல் தந்த தீர்ப்பு, மீளவே முடியாத நிலையில் உள்ள நோயாளிக்கு, கடுமையான நிபந்தனைகளோடு உயிர்காக்கும் கருவிகளை விலக்கிக்கொள்ள வழி திறந்தது. 2018-ல் அதே நீதிமன்றம், ‘எனக்கு அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும்’ என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உயிலுக்கும் அனுமதி தந்தது. 2023-ல் அதன் நடைமுறையையும் எளிதாக்கிவிட்டது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் முன்னால் எழுதினால் போதும்.

மூன்றாவது, 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் (இன்று அது தெலங்கானாவில் இருக்கிறது) குஜராத்தின் வடோதராவிலும் நடந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை 10 முதல் 14 வயது வரையுள்ள ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு ஓர் ஆய்வுக்காகப் போட்டார்கள். இடையில் ஏழு சிறுமிகள் இறந்துபோக, 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரணையில், அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றே சொல்லப்பட்டது. தடுப்பூசி நல்ல தடுப்பூசிதான். உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. ஆனால், கம்மத்தில் ஏழை மாணவிகள் தங்கியிருந்த ஹாஸ்டல்களில், பெற்றோர் போட வேண்டிய சம்மதக் கையெழுத்தைப் பல இடங்களில் வார்டனும் ஹெட்மாஸ்டருமே போட்டிருந்தார்கள். 2013-ல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

கவனியுங்கள்... மருந்தில் குற்றமில்லை. கேட்காமல் கொடுத்ததுதான் குற்றம். அதனால் கெட்ட பெயர் வந்தது ஒரு நல்ல தடுப்பூசிக்கு! அறநெறி தவறினால் விஞ்ஞானத்துக்கும்தான் நஷ்டம்.

உங்களுக்காக ஒரு நாற்காலி

இப்போது ஆரம்பத்தில் சொன்ன நாற்காலிக்கு வருவோம்.

இந்தியாவில் புது மருந்தை மனிதர்களிடம் சோதிக்க வேண்டுமானால், எதிக்ஸ் கமிட்டி என்கிற அறநெறிக் குழு அனுமதி தர வேண்டும். ‘புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகள், 2019’ இந்தக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும் என்கிறது. பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். தலைவரும் வெளியாளாகவே இருக்க வேண்டும். ஒரு பெண் உறுப்பினர், ஒரு சட்டம் தெரிந்தவர், சமூக ஆய்வாளர் அல்லது தத்துவம், அறவியல், இறையியல் போன்ற துறைகளைச் சேர்ந்த ஒருவர் வேண்டும். இவர்களோடு, கண்டிப்பாக ஒரு சாதாரணப் பொதுஜனம்!

அனுமதி தருகிற கூட்டத்தில் குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும். அந்த ஐவரில் ஒருவர் இந்தப் பொதுஜனம். அவர் வராவிட்டால், எத்தனை பெரிய பேராசிரியர்கள் கூடியிருந்தாலும் அனுமதி தர முடியாது.

யார் அந்தப் பொதுஜனமாக இருக்கலாம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன: எழுதப் படிக்கத் தெரிந்தவர். கடந்த ஐந்து வருடங்களில் மருத்துவம் சார்ந்த உத்தியோகம் பார்க்காதவர். உள்ளூர் மொழியும் மக்களின் பழக்கவழக்கமும் அறிந்தவர். ரிட்டயர்டு டீச்சர், பேங்க் ஆபீசர், மகளிர் சங்கம் நடத்துகிற குடும்பத்தலைவி... யார் வேண்டுமானாலும் தகுதிதான்.

ஆனால், நாற்காலியில் உட்காருவது வேறு, வாயைத் திறந்து பேசுவது வேறு. சுற்றிலும் ஸ்பெஷலிஸ்டுகள். அவர்கள் முன்னால் கட்டுக்கட்டாக இங்கிலீஷ் பேப்பர். ‘நமக்கு என்ன தெரியும்’ என்று காபியும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்துவிட்டால், சட்டம் போட்ட நாற்காலி வெறும் மர நாற்காலிதான்.

பேசத் தெரிந்தவர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? நோயாளிக்குத் தருகிற தகவல் தாளை அவர் தமிழில் படித்துப் பார்ப்பார். ‘தாங்கள் சமவாய்ப்பு முறையில் ஒரு பிரிவுக்கு ஒதுக்கப்படுவீர்கள்’ என்று அதில் இருக்கும். ‘இது எங்க ஊர் ஜனங்களுக்குப் புரியாதுங்க. பூவா தலையா போட்டுப் பாக்கற மாதிரி, யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்துன்னு குலுக்கல்ல முடிவாகும். டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார்னு எழுதுங்க’ என்று சொல்வார். ‘பிளாசிபோ’ என்று அப்படியே போட்டிருந்தால், ‘மருந்தே இல்லாத மாத்திரைன்னு போடுங்க. பேரைப் பாத்து ஏதோ பவர்ஃபுல் மருந்துன்னு நினைச்சுக்குவாங்க’ என்பார்.

‘மூணு மாசத்துல எட்டு தடவை வரச் சொல்றீங்களே, கூலி வேலை செய்யறவருக்கு எட்டு நாள் சம்பளம் போச்சே... பஸ் சார்ஜாவது தருவீங்களா?’ என்று கேட்பார். ‘நடுவுல வேண்டாம்னு விலகினா, வழக்கமான வைத்தியம் நின்னு போயிடாதுன்னு முதல் பக்கத்துலயே பெரிய எழுத்துல போடுங்க’ என்பார். மருந்தால் பாதிப்பு வந்தால் இழப்பீடு எங்கே என்று பார்ப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆஸ்பத்திரியைச் சேராத நடுநிலையான சாட்சி உண்டா என்று கேட்பார்.

இதில் எந்தக் கேள்விக்கும் எம்.பி.பி.எஸ். வேண்டாம். ஆனால், எந்தக் கேள்வியை எங்கே கேட்க வேண்டும், சட்டம் எவ்வளவு தூரம் துணை நிற்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தத் துணிச்சலைத் தருவதுதான் இந்தப் படிப்பு.

எங்கே படிக்கலாம்?

நமக்குப் பக்கத்தில் இருப்பது பெங்களூருவின் தேசிய சட்டப் பள்ளிப் பல்கலைக்கழகம். மருத்துவச் சட்டமும் அறநெறியும் என்ற முதுநிலை டிப்ளமோவை இது தொலைநிலைக் கல்வியாக நடத்திவருகிறது. ஒரு வருடப் படிப்பு. ஏதாவது ஒரு டிகிரி வேண்டும். டாக்டர்கள், வக்கீல்கள், ஆஸ்பத்திரி நிர்வாகிகள், மற்ற பட்டதாரிகள் எல்லோருக்குமே பொருந்துகிற படிப்பு.

மங்களூருவின் யெனப்போயா பல்கலைக்கழகம் அறவியலுக்கென்றே தனி மையம் அமைத்து, முதுநிலை டிப்ளமோவைத் தொடங்கியது. நேரில் எத்தனை நாள் போக வேண்டியிருக்கும் என்று கேட்டுக்கொண்டு சேருவது நல்லது.

‘முதலில் கொஞ்சம் ருசி பார்க்கிறேன்’ என்பவர்களுக்கு நம் சென்னையிலேயே வழி இருக்கிறது. ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் மருத்துவ ஆராய்ச்சியின் அடிப்படைகள் பற்றி இன்டர்நெட் வழியாகப் பாடம் நடத்துகிறது. ஆராய்ச்சி அறநெறியும் அதில் ஒரு பகுதி. பாடத்தைக் கேட்கக் கட்டணமில்லை; பரீட்சை எழுதி சர்ட்டிபிகேட் வாங்கத்தான் பணம்.

வெளிநாட்டுப் படிப்புகளும் வீட்டுக்கே வருகின்றன. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம் மருத்துவச் சட்டம், அறநெறியில் முதுநிலைப் பட்டத்தையும், அமெரிக்காவின் சிகாகோ லயோலா பல்கலைக்கழகம் பயோஎதிக்ஸில் எம்.ஏ. பட்டத்தையும் ஆன்லைனில் தருகின்றன. கட்டணம் லட்சங்களில் என்பதால் பர்ஸைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

பைசா செலவில்லாமல் படிக்கவும் நிறைய உண்டு. 2005-ல் உயிர் அறவியல் குறித்த உலகப் பிரகடனத்தை நிறைவேற்றிய யுனெஸ்கோ, 2008-ல் அதற்கான அடிப்படைப் பாடத்திட்டத்தையும் வெளியிட்டது. 1993-ல் மும்பையில் தொடங்கிய ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எதிக்ஸ்’ பத்திரிகையை இன்டர்நெட்டில் இலவசமாகவே படிக்கலாம். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் நடக்கிற நிஜமான தர்மசங்கடங்கள் அதில் அலசப்படுகின்றன.

எப்படிப் படிக்க வேண்டியிருக்கும்?

இது மனப்பாடம் செய்து கக்குகிற படிப்பு இல்லை. ஒரு கேஸைக் கொடுத்து, ‘நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஏன்?’ என்று கேட்பார்கள். ‘ஏன்’ என்பதற்குத்தான் மார்க்.

மாதிரிக்கு ஒன்று. விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு இளைஞர். சட்டப்படி நான்கு டாக்டர்கள் அடங்கிய குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதி செய்துவிட்டது. அவர் உடலுறுப்பு தானத்துக்கு ஏற்கெனவே கார்டு எழுதி வைத்திருக்கிறார். மனைவி சம்மதிக்கிறார். ‘நெஞ்சு ஏறி இறங்குதே, என் பிள்ளை உயிரோடதான் இருக்கான்’ என்று தாய் கதறுகிறார். என்ன செய்வது?

எழுதிவைத்த மகனின் விருப்பம் ஒரு பக்கம், தாயின் துயரம் ஒரு பக்கம், உறுப்புக்காகக் காத்திருக்கும் முகம் தெரியாத நோயாளிகள் ஒரு பக்கம். சட்டம் எது வரை போகலாம் என்று சொல்லும். ஆனால், அந்தத் தாயிடம் யார், எப்போது, எந்த வார்த்தையில் பேசுவது என்பதைச் சட்டம் சொல்லாது. பேசுகிறவர் உறுப்பு மாற்று ஆபரேஷன் செய்கிற டாக்டராக இருக்கக் கூடாது. அவருக்கு அதில் சொந்த அக்கறை இருப்பதாகத் தோன்றும். வென்டிலேட்டர் காற்றை அடிப்பதால்தான் நெஞ்சு அசைகிறது என்று பொறுமையாகக் காட்டிப் புரியவைக்க வேண்டும். அழுது முடிக்க அவகாசம் தர வேண்டும். இப்படி ஒவ்வொரு படியையும் யோசித்து எழுதுவதுதான் ஹோம்வொர்க்.

வீட்டு வேலை, ஆபீஸ் வேலை முடித்துவிட்டுப் படிப்பவர்கள் தினம் ஒரு மணி நேரமாவது ஒதுக்கினால்தான் கரை சேர முடியும். வேறு வேறு உத்தியோகத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது. நர்ஸ் ஒரு கோணத்தில் பார்ப்பார், வக்கீல் வேறு கோணத்தில் பார்ப்பார்.

சேருவதற்கு முன் யோசியுங்கள்!

ஆசையோடு குறைகளையும் சொல்லிவிடுவது நியாயம்.

இந்தப் படிப்பு உங்களை டாக்டர் ஆக்காது. வைத்தியம் பார்க்கும் உரிமையும் தராது. எம்.பி.பி.எஸ்., நர்சிங், பார்மசி போன்றவற்றைத் தபாலில் படிக்கவே முடியாது. யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

முடித்த உடனே வேலை கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். ஏற்கெனவே நர்ஸ், மருத்துவ சமூகப் பணியாளர், மருந்துப் பரிசோதனை ஒருங்கிணைப்பாளர், வக்கீல், ஆஸ்பத்திரி நிர்வாகி என்று இருப்பவர்களுக்கு இது கூடுதல் பலம். மற்றவர்களுக்கு, பொதுக்காரியத்துக்கு ஒரு நுழைவாயில்.

நடத்துகிற நிறுவனத்துக்கும், அது தருகிற படிப்புக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அங்கீகாரம் இருக்கிறதா என்று சேருகிற வருடத்தில் சரிபாருங்கள். கட்டணம், தகுதி, பரீட்சை நடக்கும் ஊர் எல்லாம் வருடத்துக்கு வருடம் மாறலாம்.

பாடங்கள் இங்கிலீஷில்தான். ஆரம்பத்தில் அகராதி பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால், இதையே ஒரு பலமாகவும் பார்க்கலாம். இங்கிலீஷில் படித்ததைத் தமிழில், பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்தவர்கள்தான் எதிக்ஸ் கமிட்டிக்குத் தேவை.

படிக்காவிட்டாலும் கேட்கலாம்

எல்லோராலும் டிப்ளமோ படிக்க முடியாது. ஆனால், சம்மதப் பத்திரம் எல்லோர் கைக்கும் ஒருநாள் வரும். அப்போது கேட்க வேண்டிய ஆறு கேள்விகள் இதோ. கத்தரித்து மெடிக்கல் ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? இரண்டும் கலந்ததா?

2. என்ன செய்யப் போகிறீர்கள்? தமிழில் சொல்ல முடியுமா?

3. இதில் என்ன ஆபத்து? எத்தனை பேருக்கு வரும்?

4. வேறு வழி இருக்கிறதா? ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

5. உள்ளே பார்த்த பிறகு வேறு ஏதாவது செய்ய வேண்டி வந்தால், எதற்கெல்லாம் இப்போதே சம்மதம் கேட்கிறீர்கள்?

6. ஆராய்ச்சி என்றால், எந்த எதிக்ஸ் கமிட்டி அனுமதி தந்தது? சந்தேகம் வந்தால் அங்கே யாரைக் கேட்பது?

உயிர் போகிற அவசரத்தில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. டாக்டரை வேலை செய்ய விட வேண்டும். ஆனால், நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷனுக்குப் பத்து நிமிஷம் கேட்டால், நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்டுத் தெரிந்துகொண்ட நோயாளி பின்னால் ‘சொல்லவே இல்லையே’ என்று சண்டைக்கு வர மாட்டார் என்பது அவருக்கும் தெரியும்.

படிப்பில் சேர்ந்துவிட்டீர்களா? அப்படியானால் இன்னொரு காரியமும் செய்யுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆராய்ச்சி நடக்கிற மருத்துவக் கல்லூரி இருந்தால், அதன் எதிக்ஸ் கமிட்டியின் உறுப்பினர் செயலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீங்கள் யார், என்ன படிக்கிறீர்கள், பொதுஜன உறுப்பினர் இடம் காலியானால் வரத் தயார் என்று நாலு வரி போதும். உடனே பதில் வராமல் போகலாம். ஆனால், மருத்துவம் சாராத, உள்ளூர்த் தமிழ் தெரிந்த, படித்துவிட்டுப் பேசுகிற ஓர் ஆள் தேவை என்று அவர்கள் தேடும்போது, அவர்கள் மேஜையில் உங்கள் பெயர் இருக்கும்.